பாத்து இறங்குங்க, அக்கா

அன்று காலை நீதிமன்றத்தில் ஏர்கோன் அளவுக்கு மீறிக் குளிர்ந்துகொண்டிருந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற வசந்தா, துப்பட்டாவை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, கூண்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். நக ஓரங்களில் செம்மண் நிறம். பெம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் அந்த நிறம் போகாது என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னாள்.

நான் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அவள் தமிழில் சொல்வதை மலாயில் சொல்வதும், மலாயில் கேட்பதைத் தமிழில் கேட்பதும் என் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதுதான் எனக்குச் சோறு போட்டது. முகக்கவசங்கள் கழன்று, மறுபடி மனிதர்களின் வாயைப் பார்த்து மொழிபெயர்க்கக் கிடைத்த புதிது. அதையே பெரிய வரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்றைக்கு இவர் உங்கள் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்?" என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டார்.

குற்றவாளிக் கூண்டில் இருந்த மனிதரை வசந்தா ஏறிட்டும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தாரு. உள்ள வரல. வாசல்ல நின்னுக்கிட்டே, 'தங்கச்சி, உன் மக காலையில இருட்டோட அந்த வளைவுல ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்குதுல்ல? என் லோரிங்க அந்த நேரத்துலதான் வருது. டிரைவருங்க எல்லாம் புதுசு, வேகமா வருவானுங்க. பாத்து நிக்கச் சொல்லு'ன்னாரு."

ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னேன். 'பாத்து' என்பதற்கு 'ஹாத்தி-ஹாத்தி' என்றேன். கவனம், ஜாக்கிரதை என்று பொருள். பள்ளிக்கூட வாசலில் எழுதி வைத்திருக்கும் சொல் அது.

மாஜிஸ்திரேட் ஒரு மலாய்ப் பெண்மணி. மரியாதைக்கு 'புவான்' என்போம், ஆண் என்றால் 'துவான்'. பொறுமைக்காரர். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பிறகு?"

"பெறகு ஒண்ணும் இல்ல, புவான். போயிட்டாரு."

"இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது?"

நான் கேள்வியைத் தமிழில் கேட்டேன். வசந்தாவின் கை கம்பியில் இறுகியது.

"அவரு சாடையா சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆரஞ்சுப் பழத்துக்கு முன்னால்

நடந்தது இதுதான். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில், பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று மோட்டார் சைக்கிளில் போன ஒரு பெரியவரை இடித்துவிட்டு நிற்காமல் போனதை வசந்தா பார்த்தாள். நம்பரையும் பார்த்தாள். பெரியவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு கால் போயிற்று. அன்று மாலையே அவள் போலீசில் ரிப்போர்ட் கொடுத்தாள்.

லோரியின் சொந்தக்காரர் தனபாலன். பல தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரர். ஐம்பதைத் தாண்டிய, வெள்ளைச் சட்டைக்காரர். கோயில் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி. யாரையும் 'ஏய்' என்று கூப்பிட்டதில்லை. வயதில் இளைய பெண்கள் எல்லோரும் அவருக்குத் தங்கச்சி.

ரிப்போர்ட் கொடுத்த மூன்றாம் நாள் அவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

மறுநாளிலிருந்து வசந்தா மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம். பள்ளியிலிருந்து ஆசிரியை தேடி வந்து கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆசிரியைதான் அவளைக் கையோடு போலீசுக்கு அழைத்துப் போனார். லோரி வழக்கு ஒரு பக்கம் நடக்க, இந்த மிரட்டல் வழக்கு தனியாக எங்கள் நீதிமன்றத்துக்கு வந்தது.

வசந்தாவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவளும் மகளும் மட்டும்.

கோழி இல்லாத வீடு

எல்லோரும் என்னைப் பார்த்த அந்த நொடியில் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாடை என்பது மொழிபெயர்ப்பாளர்களைப் படுத்தி எடுக்கும் சொல்.

பிள்ளை அப்பன் சாடையில் இருக்கிறது என்றால் முகச்சாயல். கூட்டத்தில் ஒருவன் சாடை காட்டினான் என்றால் கண்ணாலோ கையாலோ குறிப்புக் கொடுத்தான். கல்யாணப் பேச்சில் 'சாடையாகச் சொல்லிவிட்டு வா' என்றால், மனம் நோகாமல் விஷயத்தைக் காதில் போட்டுவிட்டு வா என்று அர்த்தம். இதையே என் அப்பா கொஞ்சம் மரியாதையாக 'கோடி காட்டிவிட்டேன்' என்பார். ஆனால் 'அவ என்னைச் சாடை பேசுறா' என்று ஒரு பெண் சொன்னால், அங்கே சண்டைக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு சண்டை வழக்காக வந்தது. இரண்டு அண்டை வீட்டுப் பெண்கள். ஒருத்தி விளக்குமாற்றால் மற்றவளை அடித்துவிட்டாள். ஏன் அடித்தாய் என்று கேட்டபோது, 'ஊர் மேயுற கோழி, ராத்திரியானா எவன் வீட்டுக் கூண்டுன்னு தெரியாத கோழி' என்று மற்றவள் திட்டியதாகச் சொன்னாள். நான் அப்படியே மலாயில் சொன்னேன். நீதிமன்றமே சிரித்தது.

அப்போதிருந்த மாஜிஸ்திரேட், "அவர் தன்னுடைய கோழியைத்தானே திட்டினார்? உனக்கு ஏன் கோபம் வந்தது?" என்றார்.

"துவான், அவ வீட்டுல கோழியே கிடையாது."

சிரிப்பு அடங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு மனம் நிறையச் சந்தோஷம். சொன்னதைச் சொன்னபடி சொன்னால் போதும், உண்மை தானே வெளியே வந்துவிடும் என்று நம்பினேன். பதவிப் பிரமாணமும் அதைத்தான் சொல்கிறது. கூட்டாதே, குறைக்காதே.

அந்த நம்பிக்கையோடுதான் வசந்தாவின் பக்கத்தில் நின்றேன். சாடைக்கு மலாயில் சொல் தேடினேன். 'இஷாராட்' என்றால் கை ஜாடை ஆகிவிடும். 'சிண்டிர்' என்றால் குத்திப் பேசுவது. அவர் குத்திப் பேசவில்லை. கடைசியில், "நேரடியாக இல்லாமல் சொன்னார் என்கிறார் சாட்சி" என்றேன்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே எழுந்தார். "நேரடியாகச் சொல்லவில்லை என்று சாட்சியே ஒப்புக்கொள்கிறார். ஒரு பிள்ளையைக் கவனமாக நிற்கச் சொல்வது குற்றமா? லோரி வைத்திருக்கும் பொறுப்பான மனிதர் சொல்ல வேண்டிய வார்த்தை அல்லவா?"

இதை நான் வசந்தாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் முதல் முறையாகச் சுவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் தமிழச்சிதானே? அவரு என்ன சொன்னாருன்னு உங்களுக்குப் புரியுதுல்ல? நீங்க சொல்லுங்களேன் அக்கா."

"சாட்சி என்ன சொல்கிறார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

அதையும் நான் மொழிபெயர்த்தாக வேண்டும். என் குரல் என்னையே பற்றிப் பேசுவது விநோதமாக இருந்தது. "மொழிபெயர்ப்பாளரும் தமிழர்தான், அவருக்குப் புரியும், அவரே சொல்லட்டும் என்கிறார், புவான்."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள்."

சொன்னேன். வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் சொன்னதை அந்த நேரத்தில் நான் பாதிதான் நம்பினேன். தனபாலனின் முகத்தில் கோபமே இல்லை. கவலைப்படும் அண்ணன் முகம். இந்தப் பெண்தான் பயந்துபோய் எதையோ எதனோடோ முடிச்சுப் போடுகிறாளோ என்று எனக்குள்ளும் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மீஹூன்

மதிய இடைவேளையில் கேண்டீனில் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தேன். மீஹூன் என்கிற அரிசிச் சேமியா வறுவல், பாலில்லாத ஒரு தே-ஓ. வழக்கு நடக்கும் நாட்களில் யாரோடும் பேசாமல் சாப்பிடுவது என் வழக்கம்.

யாரோ பக்கத்தில் நின்றார்கள். நிமிர்ந்தேன். தனபாலன். கையில் ஒரு கோப்பை. ஜாமீனில் இருப்பவர், கேண்டீனுக்கு வரத் தடை ஒன்றும் இல்லை.

"சாப்பிடுங்க அக்கா, சாப்பிடுங்க. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க, பாக்கவே பாவமா இருக்கு."

வழக்கில் சம்பந்தப்பட்டவர்களோடு பேசக்கூடாது. தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தேன். அவர் போகவில்லை.

"அக்காவுக்கு வீடு தெங்கேராவுலதானே?"

பதில் சொல்லவில்லை.

"மேல் மாடி. அந்தக் காலத்துப் பலகைப் படி. நாலாவது படி ஆடுதுன்னு நினைக்கிறேன். நீங்க வேற தனியா இருக்கீங்க." குரலில் அத்தனை கரிசனம். "பாத்து இறங்குங்க, அக்கா."

கோப்பையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான்காவது படி ஆடுவது உண்மை. கீழ்வீட்டு வாடகைக்காரர்கள் காலி செய்து போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் படியில் ஏறி இறங்கியது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

மீஹூன் தட்டைத் தள்ளி வைத்தேன். கேண்டீனில் யாரோ சிரித்தார்கள், தட்டுகள் மோதின, எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டன. அவர் சொன்ன வாக்கியங்களை மனதுக்குள் மலாயில் சொல்லிப் பார்த்தேன். பழக்கதோஷம். மலாயில் அவை ஒரு நல்ல மனிதரின் வார்த்தைகளாகத்தான் இருந்தன.

என்னை நம்ப வைத்தது அதுதான். வசந்தாவின் வாசலில் நடந்தது இதுவேதான்.

வாயைத் திறந்தேன்

பிற்பகல் அமர்வு தொடங்க இருபது நிமிடம் இருந்தது. கழிவறையில் முகம் கழுவினேன். மூன்று தடவை கழுவினேன்.

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. வசந்தா தன் சாட்சியத்தை முடிப்பாள், நான் மொழிபெயர்ப்பேன், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். ஆனால் இனி அந்த மனிதரின் வார்த்தைகளை என் வாயால் எப்படி 'ஹாத்தி-ஹாத்தி' என்று சொல்வது? சொன்னால் அது அவருக்கு நான் செய்யும் உபகாரம். அவர் எதிர்பார்த்ததும் அதுதான்.

அமர்வு தொடங்கியதும், வசந்தா கூண்டில் ஏறுவதற்கு முன்னால், "புவான், நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். இரு தரப்பு வழக்கறிஞர்கள் முன்னிலையில், கேண்டீனில் நடந்ததைச் சொன்னேன்.

தனபாலன் நிஜமாகவே வருத்தப்பட்டவர் போலத் தலையை ஆட்டினார். "வயசானவங்களாச்சேன்னு ஒரு அக்கறையில சொன்னேன்லா, அது தப்பா?"

மொழிபெயர்க்க அந்த அறையில் வேறு ஆள் இல்லை. அவர் என்னைப் பற்றிச் சொன்னதை நானே மலாயில் சொன்னேன். என் வேலையில் நான் கடைசியாக மொழிபெயர்த்தது அந்த வாக்கியம் அல்ல. ஆனால் இன்றும் நாவில் கசப்பது அது ஒன்றுதான்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் போலீசில் ரிப்போர்ட் கொடுக்கச் சொன்னார். நான் அந்த வழக்கிலிருந்து விலக்கப்பட்டேன். அவரிடமே வேலை செய்பவள் சாட்சியாகிவிட்டதால் வழக்கும் வேறொரு மாஜிஸ்திரேட்டிடம் மாறிப் போனது.

அதன் பொருள் அப்போது எனக்கு முழுதாக உறைக்கவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்த வசந்தாவுக்கு அரசுத் தரப்பு வழக்கறிஞர் விளக்கியபோதுதான் புரிந்தது. எல்லாம் முதலிலிருந்து. அவள் மறுபடி கூண்டில் ஏறி, மறுபடி அந்த மனிதர் முன்னால் நின்று, மறுபடி சொல்ல வேண்டும்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். நின்றாள்.

"எனக்காகவா சொன்னீங்க, இல்ல உங்களுக்காகவா?" என்று கேட்டாள்.

நானும் இப்போது சாட்சி, அவளோடு பேச எனக்கு அனுமதி இல்லை.

அன்று மாலை வீட்டுப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு பலகையாகக் காலால் அழுத்திப் பார்த்து ஏறினேன். அடுத்த நான்கு மாதமும் அப்படித்தான் ஏறினேன். தச்சரை வைத்து நான்காவது படியை மாற்றிய பிறகும் அப்படித்தான்.

கூண்டுக்குள் நான்

மறுவிசாரணைக்கு வசந்தா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். மகளையும் அழைத்து வந்திருந்தாள். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வர இடமில்லை. பிள்ளை வெளியே பெஞ்சில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது.

வசந்தாவுக்குப் பிறகு என் முறை. சிரம்பானிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் என்னைவிடச் சில வயது இளையவர். அவரிடம், நான் தமிழில் சாட்சி சொல்வதாகச் சொன்னேன். அவர் புருவம் உயர்ந்தது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே முதல் கேள்வியாக்கினார். "மலாய் மொழியில் இத்தனை வருடம் வேலை செய்தவர் நீங்கள். இப்போது எதற்குத் தமிழ்?"

"அவரு பேசுனது தமிழ்ல. நான் பயந்ததும் தமிழ்லதான்."

"அவர் சொன்ன வாக்கியங்களில் தீங்கு செய்வதாக ஒரு வார்த்தையாவது இருந்ததா?"

"இல்ல."

"அடிப்பேன், தள்ளுவேன் என்று ஏதாவது?"

"இல்ல."

"அப்படியானால் நீங்களும் ஊகிக்கிறீர்கள்."

கூண்டின் கம்பி வழுவழுவென்று இருந்தது. எத்தனை பேர் பிடித்துப் பிடித்து அப்படி ஆகியிருக்கும். வசந்தா ஏன் சுவரைப் பார்த்துப் பேசினாள் என்று அப்போது தெரிந்தது. வேறெங்கு பார்த்தாலும் அந்தக் கரிசனமான முகம் கண்ணில் பட்டுவிடும்.

புதிய மாஜிஸ்திரேட் நடுவயதுக்காரர். அவர் குறுக்கிட்டார். "இப்படிப் பேசுவதற்கு உங்கள் மொழியில் பெயர் உண்டா?"

"சாடை பேசுறதுன்னு சொல்லுவோம், துவான்."

சிரம்பான்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் 'சாடை' என்றே சொன்னார். அவருடைய தைரியத்தை மனதுக்குள் மெச்சினேன். நான் செய்யத் தவறியது அது.

"சிண்டிர் மாதிரியா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"சாதாரணமா அப்படித்தான், துவான். பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்னு பேசுவாங்க. மனசு புண்படும், அவ்வளவுதான். இவரு பேசுனது பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேட்டாலும் ஒண்ணும் புரியாது. எனக்கு மட்டும் புரியும். என் வீட்டுப் படி ஆடுறது எனக்கு மட்டும்தான் தெரியும். அது தனக்கும் தெரியும்னு சொல்லத்தான் என்கிட்ட வந்தாரு."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சின்னதாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். கூண்டின் படியிலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே இறங்கினேன். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

கோமதி

எதிர்த்தரப்பு அழைத்த ஒரே சாட்சி தனபாலனின் மனைவி கோமதி. என் சாட்சியம் முடிந்திருந்ததால் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

நாற்பது வயதிருக்கும். அரக்கு நிறச் சுடிதார், நெற்றியில் பெரிய பொட்டு. கைப்பையை மார்போடு அணைத்தபடி கூண்டில் ஏறினாள். கணவரைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டது மிக எளிமையானது. "மற்றவர்களைக் கவனமாக இருக்கச் சொல்வது உங்கள் கணவரின் சுபாவமா?"

"ஆமாங்க, துவான். எல்லார்கிட்டயும் சொல்லுவாரு."

"உங்களிடமும்?"

"எனக்கும் சொல்லுவாரு."

"அவ்வளவுதான்" என்று அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். அவர் மனதில் பெரிய திட்டம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

"கடைசியாக உங்களை எதில் கவனமாக இருக்கச் சொன்னார்?"

கோமதி யோசித்தாள். "கேஸ் அடுப்பு. டியூப்பு பழசாயிடுச்சு, புடிச்சிக்கிட்டா ஆளே மிஞ்சாது, பாத்து சமைன்னாரு."

"எப்போது சொன்னார்?"

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போகணும்னு கேட்டப்போ."

சிரம்பான்காரர் அதை மலாயில் சொல்லி முடித்ததும் அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வழக்கறிஞர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"அவர் சொன்ன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?"

கோமதி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். தனபாலன் ஒரு தடவை இருமினார்.

"அன்னையிலருந்து கேஸ் பத்த வைக்கிறதில்ல. வீட்டுக்குப் பின்னால வெறகு வச்சு சமைக்கிறேன்."

"அடுப்பு கெட்டுப் போய்விட்டதா?"

"இல்லைங்க. நல்லாத்தான் எரியுது."

"பிறகு ஏன்?"

அவள் கணவரைப் பார்க்கவில்லை. மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு பாத்துன்னு சொன்னா, பாத்துத்தான் இருக்கணும்."

சிரம்பான்காரர் அதை மொழிபெயர்க்கும்போது குரல் ஒரு இடத்தில் தடுக்கியது. அவர் எந்தச் சொல்லைப் போட்டார் என்று எனக்கு இப்போது நினைவில்லை. எதைப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த அறையில் எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது.

நடைபாதையில்

தீர்ப்பு சில வாரங்கள் கழித்து வந்தது. குற்றவாளி. சிறைத்தண்டனை. மேல்முறையீட்டிலும் அது நின்றது. வசந்தாவுக்கு அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், அப்படி ஆகவில்லை. தனபாலனின் லோரிகள் அவருடைய தம்பி பெயரில் அதே வளைவில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் வேலையை விட்டுவிட்டு மகளோடு தஞ்சோங் கிளிங் பக்கம் வந்து, ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் சேர்ந்தாள். பிள்ளை பள்ளிக்குப் போகிறது. வசந்தா கடைத்தெருவில் என்னைக் கண்டால் நின்று பேசுவாள். அன்று கேட்ட கேள்வியை மறுபடி கேட்டதில்லை.

நான் சொல்ல வந்தது கோமதி சாட்சி சொன்ன அந்த நாளின் மிச்சம்.

நீதிமன்றம் கலைந்து எல்லோரும் வெளியே நடைபாதைக்கு வந்தோம். மணி பதினொன்றரை இருக்கும். நல்ல வெயில். கோமதி தூணோரமாக நின்றிருந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும்.

தனபாலன் வழக்கறிஞரோடு பேசி முடித்து அவளிடம் வந்தார். கோபம் இல்லை. அதே குரல்.

"களைச்சிப் போயிட்ட. இங்கேயே நில்லு, காரு எடுத்துட்டு வரேன். வீட்டுக்குப் போயி நிம்மதியா படுத்துத் தூங்கு."

அவர் கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடந்தார். அவர் முதுகு மறையும்வரை அவள் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"அக்கா, பெம்பானுக்கு இதுக்கு மேல பஸ் இருக்காதுல்ல?"

பட்டப்பகல். பஸ் சாயங்காலம்வரை உண்டு. அது எனக்கும் தெரியும், அந்த ஊரிலேயே குடியிருக்கும் அவளுக்கும் தெரியும். தவிர, கார் வந்துகொண்டிருந்தது.

அவள் கண்கள் என் முகத்தில் நிலைத்திருந்தன. கைப்பை இன்னும் மார்போடு இருந்தது. அது ஒரு நாள் வழக்குக்குக் கொண்டுவரும் பையைவிடக் கொஞ்சம் பெரியது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

நீதிமன்ற ஊழியர் எதிர்த்தரப்புச் சாட்சியோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. தீர்ப்பும் வரவில்லை. பின்னால் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். ஓய்வு பெறும்வரை அது என் கோப்பில் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "இன்னைக்கு பஸ் இல்ல. உங்க அக்கா வீடு எங்க?"

"தம்பின் டவுன்ல."

பின்வாசல் வழியாகப் போனால் ஊழியர்கள் கார் நிறுத்துமிடம். நான் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் செருப்புச் சத்தம் பின்னாலேயே வந்தது.